பெகாயிமின் அழுகை

வீட்டு முன்னால் போட்டிருந்த கம்பளக் கூடாரத்துக்குள், துக்க வழக்கப்படி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்த பெகாயிமின் விலாவில் அவள் அம்மா நூர்ஜமால் முழங்கையால் இடித்தாள்.

"ஜனம் வருது. அழுடி."

"வரல."

"வராட்டி சத்தமாவது போடு. பெத்த அப்பன் கிடக்கான்."

திரைக்கு அந்தப் பக்கம் ஹாலெட் பிணமாகக் கிடந்தார். அமெரிக்காவில் பிறந்து பதினாலு நாடுகளில் நாடகம் இயக்கியவர். நடுவில் நாரின் என்கிற இந்த ஊருக்கு ஒரு நாடகத்துக்காக வந்து, கலிமா சொல்லி முஸ்லிமாகி நூர்ஜமாலைக் கட்டி, ஒரு மகளையும் கொடுத்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் பெட்டி கட்டினார். ஆறு வாரம் ஒத்திகை, ஒரு வாரம் மேடை, பிறகு விமானம். இதுதான் அவர் பிழைப்பு. பெகாயிமுக்கு அம்மை போட்டிருந்தபோது லிமாவில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். சாவதற்கு மட்டும் வீட்டு வழி தெரிந்தது. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வெளியே தடியூன்றிக் குனிந்து "அப்பா" என்று அழ அவருக்கு மகன் கிடையாது. அந்தக் குறையை ஊர் நாடக அரங்கத்து நடிகர்கள் தீர்த்துவைத்தார்கள். கச்சை கட்டிக்கொண்டு ஐந்து பேர் வாசலில் நின்றார்கள். முதல் தடி ஜானிபெக்குக்கு. ஹாலெட் திரும்பி வந்து இந்த ஊரில் போட்ட கடைசி நாடகத்தில் அவன்தான் கதாநாயகன். வந்தவர்கள் எல்லாரும் அவனையே கட்டிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு உர்குயா உள்ளே வந்து உட்கார்ந்தாள். "பெகாயிம், உன் தம்பி உசிரையே விட்டுடுவான் போலிருக்கே. ஒரு வாய் தண்ணி குடுங்கடி."

"எனக்குத் தம்பியே கிடையாது."

அப்போதுதான் அவள் அந்த அழுகையைக் காது கொடுத்துக் கேட்டாள். மூச்சு மூன்று தடவை இழுத்து நின்றது. நாலாவதில் குரல் உடைந்தது. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு விக்கல். பெகாயிம் முகத்தைச் சுவரிலிருந்து திருப்பினாள். எழுந்தாள். அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் வெளியே போனாள்.

"இப்படி அழ யாருடா சொல்லிக்குடுத்தா?"

ஜானிபெக் நிமிர்ந்தான். கண் நிஜமாகவே சிவந்திருந்தது. "உங்கப்பாதான், அக்கா. நாப்பது நாள் இதையே பண்ண வெச்சார். வார்சாவுலயும் இதே அழுகைதானாம். லிமாவுலயும்."

"அவருக்கு எங்கேர்ந்து கிடைச்சுதாம்?"

"ஒரு சின்னப் பொண்ணு கேட்டைப் புடிச்சிக்கிட்டு இப்படி அழுதுச்சாம். காருக்குள்ளேர்ந்து கேட்டாராம். மறந்துடக்கூடாதுன்னு ஏர்போர்ட் போற வரைக்கும் நோட்டுல எழுதிக்கிட்டே போனாராம்."

"காரை நிறுத்தலையாமா?"

அவன் தடியைப் பார்த்துக் குனிந்தான்.

"அந்தப் பொண்ணுக்கு ஆறு வயசு. அதைச் சொன்னாரா?"

"அக்கா..."

"அழுடா. நல்லா அழு. எங்கப்பன் சேத்து வெச்ச சொத்து இது ஒண்ணுதான். நீயே வெச்சுக்க."

மதியத் தொழுகை முடிந்ததும் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். பெண்கள் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போகிற வழக்கமில்லை. வழக்கம்போல அவர் கிளம்புகிறார், அவள் வாசலில் நிற்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இவருக்குக் கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

லாரி நகர்ந்தது. அவள் மூச்சு இழுத்து நின்றது. மறுபடியும் நின்றது, இன்னொரு தடவையும். நாலாவதில் குரல் உடைந்து தெருவெல்லாம் கேட்டது. வேறு விதமாக அழப் பார்த்தாள். அவளுக்கு வேறு அழுகை வரவில்லை.

"பாரேன், அச்சு அசல் அந்தப் பையன் மாதிரியே அழுறா" என்றாள் உர்குயா பக்கத்திலிருந்தவளிடம். "காலையிலேர்ந்து கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டா போல."

பெகாயிம் காதிலும் அது விழுந்தது. நிறுத்த முடியவில்லை.

லாரியின் பின்பக்கம் நின்றிருந்த ஜானிபெக் அழுகையை விட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறாள் என்று கவனமாகக் கேட்டுக்கொண்டே போனான்.