சல்லடை தள்ளிய எண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. விண்கலத்தின் சிக்னலைப் பிடிக்கும் பெரிய தட்டு ஆன்டெனாவுக்குக் கேபிள் பதிக்கப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தோம். கட்டுப்பாட்டு அறையில் ஏசி படுத்துவிட்டதால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே சண்டை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

முதல் வரி: எல்லையற்ற வானில் ஓர் இரும்புப் பறவை தன்னந்தனியாக...

நாசமாய்ப் போக. முடி நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் படித்தவனுக்கும் இந்த வியாதி தொற்றிவிடுகிறதே!

2

அவளை எல்லோரும் சல்லடை என்பார்கள். (கதை என்பதால் ‘அவள்’. நேரில் மேடம்தான்.) விண்கலம் தலைக்குமேல் கடக்கும்போதெல்லாம் தன் உடம்பு நிலையை எண்களாக அனுப்பும். அவற்றைப் பிரித்துத் திரையில் காட்டும் அமைப்பை வடிவமைத்தவள் அவள். அளவுக்கு மீறி எகிறும் எண்ணை இரைச்சல் என்று சலித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டும்படி செய்திருந்தாள்.

(ஆசைப்பட்டுச் செய்யவில்லை. முன்பெல்லாம் சின்ன இரைச்சலுக்கும் அலாரம் அலறும். “காது கிழியுதும்மா, எதையாவது பண்ணித் தொலை” என்று தலைமைப் பொறியாளர் நச்சரித்தார். இதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடைப்புக்குள் வைத்திருக்கிறேன்.)

இதுவரை படித்த என் மனைவி கேட்டாள்:

“ஏங்க, இவளுக்குக் கல்யாணம் ஆச்சா?”

“தெரியாது.”

“அதுகூடத் தெரியாம என்ன கதை?”

“இது பேட்டரி கதைடி.”

“பேட்டரிக்கு யாரு அழுவா?”

இவளை வைத்துக்கொண்டு நான் எழுதி விளங்கினாற்போலத்தான். ஆனாலும் கேள்வி நியாயம். ஆகவே:

3

சல்லடை கண்ணைக் கசக்கிக்கொண்டே தலைமைப் பொறியாளரைத் திரைக்கு முன் கூப்பிட்டாள். திரையில் பேட்டரி சூடு இருபத்தொன்று. நேற்றும் அதுதான். போன வாரமும் அதுதான். மற்ற எண்களெல்லாம் கொஞ்சம் ஏறி இறங்க, இது மட்டும் ஆணி அடித்தாற்போல் நின்றது.

“சார், இது பழைய எண். நிஜமா வர்றதை என் சல்லடை குப்பைன்னு தள்ளுது.”

“பச்சையாத்தானேம்மா இருக்கு? கோளாறுன்னா சிவப்பு வருமே?”

“அதான் சார் பயமா இருக்கு.”

“தள்ளினதெல்லாம் எங்க?”

“இடத்தை அடைக்குது, அழின்னு நீங்கதான் சொன்னீங்க.”

“நான் சொன்னா செஞ்சிடுவியா?”

“வேற யார் சொன்னா செய்யணும் சார்?”

தலைமைப் பொறியாளர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

விஷயம் இதுதான். பேட்டரி குளிரில் உறையாதிருக்க அதற்கு ஒரு ஹீட்டர் உண்டு. அது நிற்காமல் ஓடினால் பேட்டரி வெந்துபோகும்; உடனே அணைக்க வேண்டும். சூட்டை அளக்கும் கருவிதான் கெட்டது என்றால், ஹீட்டரை அணைத்ததும் பேட்டரி உறைந்துபோகும். எந்தப் பக்கம் தவறாக முடிவெடுத்தாலும் கலம் செத்தது. மதியம் கலம் திரும்ப வரும். எண் சீராக ஏறினால் சூடு. தாறுமாறாகக் குதித்தால் கருவிக் கோளாறு. கலம் அடிவானத்தில் இறங்குவதற்குள் அவள் முடிவெடுக்க வேண்டும்.

4

முடிவு அ: எண் ஏறியது. அணைத்தாள். பிழைத்தது. எல்லோரும் கைதட்டி...

முடிவு ஆ: அறையில் மயான அமைதி...

இரண்டும் நான் பார்க்காதவை. மதியம் தட்டு என் தலைக்குமேல் மெல்லத் திரும்பியது. “சல்லடையை எடுத்துட்டேன் சார். வர்றது வரட்டும்” என்றாள். அந்த நேரம் பார்த்தா மேஸ்திரி கத்தவேண்டும்?

“என்னய்யா வேடிக்கை? பள்ளம் தானா வெட்டிக்குமா?”

மறுபக்கம் விரட்டிவிட்டார். அன்றோடு வேலையும் முடிந்தது. கேட் பாஸையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

“நல்ல முடிவையே போட்டுடுங்களேன், யாருக்குத் தெரியப்போகுது?” என்கிறாள் மனைவி. வராத இடத்தில் நல்லதை நிரப்பி, பச்சையாகக் காட்டச் சொல்கிறாள். அந்த வேலையைத்தான் சல்லடை எடுத்துக் கீழே வைத்தாளே!

பேட்டரி சூடு:

இடம் விட்டிருக்கிறேன். உங்களிடம் பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தொன்று என்று மட்டும் எழுதித் தொலைக்காதீர்கள்.