வெறும் காற்று

விடிவதற்கு முன்பே காலடியில் உதை தொடங்கிவிட்டது. 'சாந்தா ரீத்தா' கப்பலின் பின்தளத்தில் நிற்பவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் கேட்பதைவிட முழங்காலில்தான் அதிகம் கேட்கும். கப்பலுக்குப் பின்னால், மிதவைகளின் அடியில் சங்கிலியில் தொங்கும் இரும்புத் துப்பாக்கிகள் எல்லாம் ஒரே நொடியில் காற்றைக் கக்கும். நீர் வெள்ளையாக வீங்கி உடையும். அதிர்வு கடலின் அடிக்குப் போய், மண்ணுக்குள் நுழைந்து, பாறையைத் தட்டி, எண்ணெய் எங்கே படுத்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுத் திரும்பும். திரும்பி வருவதைக் கேட்பதற்காக ஒரு நீளமான கேபிள் பின்னால் மிதந்து வந்தது. அது சொல்வதைப் படிப்பவர்கள் குளிரூட்டிய அறையில், காகிதச் சுருளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இருந்தவர்களுக்குத் துப்பாக்கியை இறக்குவதும், கெட்டுப்போனதை ஏற்றுவதும், பழுது பார்த்து மறுபடி இறக்குவதும்தான் வேலை.

துப்பாக்கிகளை ஏற்றி இறக்கும் வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நஸாரியோ நின்றான். உப்பில் வெடித்த உள்ளங்கைகளில் கிரீஸ் ஏறி எரிந்தது. காம்பெச்சே வளைகுடாவின் காலைக் காற்றில் மீன் வாடை இல்லை, டீசல் வாடைதான். துப்பாக்கிகளுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர்கள் இரண்டும் ஓயாமல் இரைந்தன. அந்த இரைச்சலுக்கு மேல் பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அப்படிக் கத்தியும் நகைச்சுவை சொல்லத் தெரிந்த ஒரே ஆள் எவேலியோ. நஸாரியோவின் மனைவிக்குத் தம்பி.

"மச்சான்!" என்று கத்தினான் எவேலியோ, சோள ரொட்டிக்குள் கருப்பு அவரையைச் சுருட்டியபடி. "முன்னாடி வெடி வெச்சோம். செத்த மீனெல்லாம் மிதந்துச்சு, குழம்பு ஓசி. அப்புறம் தண்ணிக்குள்ள மின்சாரப் பொறி விட்டோம். அப்புறம் ரப்பர் பைக்குள்ள கேஸை அடைச்சுக் கொளுத்தினோம், என் புருவம் போச்சு. இப்ப காத்து. அடுத்த வருசம் முதலாளி நம்மளையே தண்ணிக்குள்ள எறக்கி ஊதச் சொல்லுவாரு பாரு!"

"நீ ஊதினா எண்ணெய் பயந்து கியூபாவுக்கே ஓடிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. வெடிமருந்து இருந்த காலத்தில் ஆபத்துப்படி என்று கூலியில் கால் பங்கு கூடுதலாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பணத்தில்தான் எவேலியோ கார்மென் தீவில் தகரக்கூரை போட்டான். நஸாரியோ தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பினான். காற்றுத் துப்பாக்கி வந்த மாதமே படி நின்றது. எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டபோது முதலாளி தோன் அர்னுல்ஃபோ தன் வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாமல் சிரித்தார்.

"காத்துக்கு எவனாவது படி கேப்பானா? வெறும் காத்துடா. நீங்க மூக்கால விடுற அதே காத்து."

கேட்டவர்களுக்கே அது நியாயம்போலத் தோன்றியதுதான் கொடுமை. வெடிப்பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியவர்கள் அவர்கள். காற்றைக் கண்டு பயப்படுவது கூச்சமாக இருந்தது.

சூரியன் கடலைவிட்டு ஒரு முழம் ஏறியபோது மூன்றாவது துப்பாக்கி இருமத் தொடங்கியது. மற்றவை எல்லாம் ஒன்றாக உதைக்கும்போது அது மட்டும் பிந்தி உதைத்தது.

தோன் அர்னுல்ஃபோ மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "மூணாவதைத் தூக்கு! மத்தது ஓடட்டும்!"

"காத்தை எறக்கிட்டுத் தூக்குறோம் முதலாளி!" என்றான் நஸாரியோ.

"காத்தை எறக்கணும்னா வரிசை முழுக்க நிக்கணும். நின்னா அளந்துட்டு வர்ற கோடு பாதியில அறுந்துபோகும். அறுந்த கோட்டுக்கு எண்ணெய்க் கம்பெனிக்காரன் எனக்கு என்ன தருவான், உன் தலையா? அப்படியே தூக்கு!"

இப்படி எத்தனையோ முறை தூக்கியிருக்கிறார்கள். நஸாரியோ வின்ச்சைத் திருப்பினான். பாசி வழிய, காற்று வரும் ஹோஸ் இன்னும் விறைத்திருக்க, துப்பாக்கி சரிவில் ஏறி வந்து பலகைமேல் கிடந்தது. எவேலியோ குனிந்து அதை வெடிக்கவைக்கும் மின்வயரைக் கழற்றினான். கழற்றிய முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி முகத்தைத் திருப்பிக் காட்டினான்.

அது வெடிக்காரர்களின் வழக்கம். தோட்டாவைத் தொடுகிறவன் வயரைத் தன் பல்லில் வைத்திருக்க வேண்டும். வயர் பல்லில் இருக்கிறவரை தோட்டா ஊமை. அந்த ஒரு பழக்கம்தான் இத்தனை காலம் இவர்களையெல்லாம் உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

எவேலியோ துப்பாக்கியின் வாயில் சிக்கிய பாசியை எடுக்கக் கையை நீட்டினான்.

வயர் இல்லாமலே அது வெடித்தது.

நஸாரியோ விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கியபோது அவனுக்குச் சற்று நேரம் எதுவும் கேட்கவில்லை. தளமெங்கும் உப்புப்புகை. எவேலியோ கம்பியில் சாய்ந்து உட்கார்ந்து தன் வலது கையை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கைக்குக் கீழே அது கை மாதிரியே இல்லை. வயர் இன்னமும் அவன் பல்லில் இருந்தது.

இடுப்புப் பெல்ட்டை உருவி இறுக்கிக் கட்டி, அவனை நீளமான பலகை ஒன்றின்மேல் படுக்கவைத்தார்கள். சமையற்காரன் மெல்கோர் சோறு வடிக்கும் துணியைக் கொண்டுவந்து சுற்றினான். துணி உடனே நனைந்தது. பின்னால் மற்றத் துப்பாக்கிகள் எதுவுமே நடக்காததுபோல உதைத்துக்கொண்டிருந்தன.

தோன் அர்னுல்ஃபோ ஏணியில் பாதிவரை இறங்கி வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் வெளுக்கவில்லை.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க. கோடு சாயந்தரம் முடிஞ்சிரும். முடிஞ்சதும் நேரா கார்மென்தான், ஆசுபத்திரிதான். செலவு நான் பாத்துக்கிறேன்."

"சாயந்தரம் வரைக்கும் ரத்தத்தை நிக்கச் சொல்லுங்க முதலாளி," என்றான் நஸாரியோ.

"கவனமில்லாம அவன் கையை விட்டா அதுக்கு நான் என்னடா செய்ய?"

"வயரைக் கழட்டிட்டுத்தான் கையை விட்டான். நீங்க எங்களுக்குக் கத்துக்குடுத்தது அது ஒண்ணுதான்."

"இது வெடி இல்லடா மடையா! வயரைக் கழட்டினாலும் உள்ள அழுத்தம் இருக்கும்!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்று ஒவ்வொரு சொல்லாகக் கத்தினான் நஸாரியோ. "படி கேட்டு வந்தப்ப வெறும் காத்து. கை போனப்ப அழுத்தம்."

"வாயை அடக்கிப் பேசு. கார்மென் துறைமுகத்துல உன் எடத்துக்கு வரிசையில ஆள் நிக்குது."

"நிக்கட்டும். அவங்களுக்கும் ரெண்டு கைதான்."

நஸாரியோ திரும்பி நடந்தான். எல்லாக் குழாய்களின் காற்றையும் வெளியேற்றும் பெரிய வால்வின் சக்கரம் கம்ப்ரசர் அறையின் வாசலில் இருந்தது. அங்கே செனோபியோ நின்றான், காதில் பஞ்சு, கையில் எண்ணெய்க் குப்பி. கம்ப்ரசர்கள் அவன் பொறுப்பு. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. நஸாரியோவின் சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தான்.

"யாரு அண்ணே?"

"எவேலியோ. காத்தை எறக்கப் போறேன். நீ பாக்கலைன்னு சொல்லிக்கோ, உன் வேலை தப்பிக்கும்."

செனோபியோ குப்பியைக் கீழே வைத்தான். "அந்தச் சக்கரம் துருப்பிடிச்சுக் கிடக்கு அண்ணே. ஒரு ஆளுக்குத் திரும்பாது," என்று சொல்லி மறுபக்கத்தைப் பிடித்தான்.

சக்கரம் அசைந்தது. காற்று ஊளையிட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தது. வெள்ளைத் தூண்போல வானத்தில் ஏறி, தளத்திலிருந்த தொப்பிகளையெல்லாம் கடலில் தள்ளியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஊளை மெலிந்து, சீறலாகி, ஒரு பெருமூச்சாகி முடிந்தது. செனோபியோ கம்ப்ரசர்களையும் நிறுத்தினான்.

காலடியில் உதை நின்றுவிட்டது. இத்தனை வாரங்களில் முதல்முறையாகக் கப்பலின் பக்கத்தில் அலை தட்டும் சத்தம் கேட்டது.

குளிரறைக் கதவு திறந்தது. கருவிகளைப் பார்க்க வந்திருந்த வெளிநாட்டுக்காரன் காகிதச் சுருளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். "கோடு! செத்துப்போச்சு! ஒண்ணும் வரல!" என்று தன் அரைகுறை ஸ்பானிஷில் கத்தினான். பிறகு தளத்தைப் பார்த்தான். சுருளைக் காலடியில் நழுவவிட்டு உள்ளே ஓடி, வலிமருந்து ஊசிப்பெட்டியோடு திரும்பி வந்தான். அதன்பின் கோட்டைப் பற்றி அவன் பேசவில்லை.

"யாருடா திறந்தது?" தோன் அர்னுல்ஃபோவின் குரல் இப்போது கத்தாமலே எல்லா இடத்துக்கும் கேட்டது.

"நான்," என்றான் நஸாரியோ.

"நானும்," என்றான் செனோபியோ.

"நானும்தான்," என்றான் மெல்கோர்.

"நீ அடுப்படியில இருந்தவன்டா!"

"மனசால திறந்தேன் முதலாளி. சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

எவேலியோ கண்ணை மூடியபடியே சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பலகையைச் சுற்றி நின்றவர்களின் தோள்கள் நிமிர்ந்தன. ஒருவன் வின்ச்சின் கைப்பிடியைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அது கேட்டது. இரும்புத் தளத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, தொடை எலும்பில், எங்கோ தொலைவிலிருந்து. தொப். சற்றுப் பொறுத்து மறுபடி. தொப்.

"'சான் தெல்மோ'," என்றான் செனோபியோ. முதலாளியின் இன்னொரு கப்பல். அடிவானத்துக்கு அப்பால் இதே வேலை செய்துகொண்டிருந்தது. அதன் பின்தளத்திலும் பழைய வெடிக்காரர்கள்தான். அவர்களும் வயரைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் கையை நீட்டுவார்கள்.

நஸாரியோ எழுந்து சுக்கான் அறைக்கு ஓடினான். கப்பித்தான் உர்பானோ ரேடியோவின் பக்கத்தில் நின்றிருந்தார். எதிலும் தலையிடாதவர் என்று பெயரெடுத்தவர்.

"கப்பித்தான் ஐயா, அவங்ககிட்டச் சொல்லுங்க. வயரைக் கழட்டினா போதாது. காத்தை எறக்காம ஒருத்தனும் தொடக் கூடாது. அவ்வளவுதான் சொல்லணும்."

"ரேடியோவைத் தொட்டே, உர்பானோ..." என்று பின்னாலிருந்து தோன் அர்னுல்ஃபோவின் குரல் வந்தது.

கப்பித்தான் ரேடியோவைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். ஜன்னல் வழியே கீழே பார்த்தார். "கடல்ல ஒருத்தன் அடிபட்டா பக்கத்துக் கப்பலுக்குச் சொல்லணும். அது என் தொழில், தோன் அர்னுல்ஃபோ. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே நான் கத்துக்கிட்டது," என்று சொல்லி ஒலிவாங்கியை எடுத்தார். நடந்ததைச் சொன்னார். நஸாரியோ சொன்னதையும் சொன்னார். கோடு நின்றதையும், ஆட்கள் உட்கார்ந்திருப்பதையும், யாரும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார்.

மறுமுனையில் கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை.

நஸாரியோ பின்தளத்துக்குத் திரும்பி எவேலியோவின் தலைமாட்டில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தளத்தில் வைத்தான். எல்லோரும் அப்படியே வைத்தார்கள்.

தொப்.

தொப்.

எதிர்பார்த்த இடத்தில் அடுத்தது வரவில்லை. காத்திருந்தார்கள். அலை மட்டும் தட்டியது. செனோபியோ காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தளத்தில் காதை வைத்துப் படுத்தான். பிறகு தலையைத் தூக்கி, குழந்தையைப் போல, "நிறுத்திட்டாங்க," என்றான்.

கப்பித்தான் சுக்கானைத் திருப்ப, கப்பலின் முகம் மெல்லக் கார்மென் பக்கம் திரும்பத் தொடங்கியது. நீளமான கேபிள் பின்னால் பெரிய வளைவாக வளைந்தது. தோன் அர்னுல்ஃபோ ஏணியின் உச்சியில் நின்று, மடிப்புக் கலைந்த சட்டையோடு, கரையில் போலீஸ் நிற்கும் என்றார். இனி எந்தக் கப்பலிலும் உங்களுக்கு வேலையில்லை என்றார். அதைச் செய்யக் கூடியவர்தான் அவர். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மகளின் பள்ளியும் எவேலியோவின் தகரக்கூரையும் ஒரு கணம் நஸாரியோவின் கண்முன் வந்து போயின.

"துறைமுகத்துல ஒவ்வொருத்தனா எறங்கணும்! பேர் சொல்லிட்டு எறங்கணும்!"

நஸாரியோ எவேலியோ கிடந்த பலகையின் ஒரு முனையைப் பிடித்துக் கனம் பார்த்தான்.

"ஒவ்வொருத்தரா எறங்க முடியாது முதலாளி," என்றான். "இவனைத் தூக்க எல்லாரும் வேணும்."

கரை இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பலகையைச் சுற்றி இடம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். முனை கிடைக்காதவர்கள் நடுவில் கை வைத்தார்கள். அங்கேயும் இடம் கிடைக்காத மெல்கோர், எவேலியோவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான்.