குறிப்பில் ஏறாத கேள்வி

டன்பார் கிரீக் பால் கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குநர் குழு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து சொல்ல மெல்போர்னிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். ஆறு இயக்குநர்களுக்கும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். ‘கூட்டம் சிறப்பாக நடக்க அதிகம் உதவுபவர் யார்?’ என்ற கேள்விக்கு ஐந்து பேர் மெர்வ் டோலிவர் என்று எழுதியிருந்தார்கள். ஆறாவது ஆள் மெர்வ். அவருக்கும் அதே பெயரை எழுதத்தான் கை வந்தது. கூச்சம் வந்து தடுத்ததால் தலைவர் பெயரை எழுதிவிட்டார்.

பதினான்கு வருடமாக மெர்வ் அந்தக் குழுவில் இருந்தார். கூட்டம் மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கும். ஆறு பேருமே மாடு வைத்திருப்பவர்கள். மூன்று மணிக்கு மாடுகள் கறவைக் கொட்டகை வாசலில் வந்து நின்றுவிடும் என்பதால் இரண்டு மணிக்கெல்லாம் எல்லாரும் வண்டியில் ஏறியாக வேண்டும். பேச்சு எங்காவது சிக்கிக்கொண்டால் மெர்வ் ஒரு நகைச்சுவையை எடுத்துப் போடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். தலைவர் லாக்லன், “நல்லது, அடுத்தது” என்பார். இந்த ஏற்பாட்டில் சங்கம் நன்றாகத்தான் ஓடியது, அல்லது ஓடுவதாக மேஜையிலிருந்து பார்த்தால் தெரிந்தது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் நூறு பக்க அறிக்கைக் கட்டு ஒன்று வீட்டுக்கு வரும். மெர்வ் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒழுங்காகப் படிப்பார். நடுவில் இருப்பதை எழுதியவர் படித்திருப்பார் என்று நம்பினார்.

ஆலோசகர் மெர்வைப் பாராட்டிய கையோடு ஒரு குறையையும் சொன்னார். மாட்டைப் பற்றித் தெரிந்தவர் ஆறு பேர் இருக்கிறீர்கள், ஆலையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே என்றார். அப்படித்தான் ஏழாவது இயக்குநராக இலோனா வார்கா வந்தார். பால் பவுடர் ஆலைகளில் இருபது வருடம் பாதுகாப்புப் பொறியாளராக இருந்த பெண்மணி. மாடு கிடையாது. இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய அவசரமும் கிடையாது.

அக்டோபர் கூட்டத்தில் பதினோராவது விஷயத்துக்கு வந்தபோது மணி ஒன்று நாற்பது. ஆலை மேலாளர் பிரண்டன் தன் அறிக்கையை மூடி வைத்துவிட்டார். தட்டில் கடைசி லாமிங்டன் கேக்கை யார் எடுப்பது என்பதுதான் அப்போது மேஜையில் பாக்கி.

“அறுபத்துநாலாம் பக்கம்,” என்றார் இலோனா. “டிரையர் கோபுரத்துல இருக்கிற அவசரக் கதவுகளோட சோதனை அடுத்த காலாண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. போன அறிக்கையிலயும் இதே வரி. கடைசியா எப்ப சோதிச்சீங்க, பிரண்டன்?”

பாலைக் காயவைத்துப் பவுடராக்கும் அந்தக் கோபுரத்துக்குள் பவுடர் புகை மாதிரி மிதக்கும். ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். வெடித்தால் அந்த வேகம் ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக வெளியே போவதற்குத்தான் அந்தக் கதவுகள்.

பிரண்டன் பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். “அது... பார்த்துத்தான் சொல்லணும்.”

யாரும் பேசவில்லை. மெர்வுக்கு அமைதி என்றால் சட்டைக்குள் வைக்கோல் போன மாதிரி. பிரண்டனின் கழுத்து சிவந்துகொண்டே வந்ததையும் அவர் பார்த்தார். நல்ல மனுஷன். மெர்வின் மகள் கல்யாணத்தில் மழை வந்தபோது தனியாளாகப் பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

“இலோனா, அவனை விட்டுடுங்க,” என்றார் மெர்வ். “இன்னும் ஒரு கதவைப் பத்திக் கேட்டீங்கன்னா, என் மாடுங்க அதுங்களாவே கறந்துக்கிட்டு எனக்குக் கூலிச் சீட்டு அனுப்பிடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். பிரண்டன்தான் அதிகம் சிரித்தார். இலோனாவும் சிரித்துவிட்டு, பேனாவை மூடினார். இனி இவரும் நம்ம ஆள் என்று மெர்வுக்குச் சந்தோஷமாக இருந்தது. “நல்லது, அடுத்தது” என்றார் லாக்லன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, கோபுரம் வெடித்தது. கதவுகள் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தன. போக வழியில்லாத நெருப்பு படிக்கட்டுப் பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. படிக்கட்டில் ஆலைத் தொழிலாளி டேமியன் பிரவுட் இருந்தான்.

டேமியனை ஊரில் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்டத்தில் கோல் கம்பத்தடியில் நிற்கும் நடுவர் அவன்தான். கோல் விழுந்தால் இரண்டு கையிலும் வெள்ளைக் கொடி பிடித்து, குனிந்து நிமிர்ந்து ஆட்டுவான். எதிரணி கோல் போட்டாலும் அதே மரியாதைதான். அவனுடைய இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயிருந்தன. ஹெலிகாப்டரில் மெல்போர்னுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுவாரம் இலோனா இரண்டு வரியில் ராஜினாமா அனுப்பினார். அதற்கடுத்த வாரம் விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது, கதவுகளின் நிலை இயக்குநர் குழுவுக்குத் தெரியுமா என்பதைத்தான்.

லாக்லன் மெர்வின் கொட்டகைக்கே தேடி வந்தார். வண்டியை அணைக்காமலே இறங்கினார்.

“நம்ம சங்கத்து வக்கீல் அக்டோபர் கூட்டத்து மினிட்ஸைப் பார்த்துட்டாரு. ‘ஆலை அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது.’ அவ்வளவுதான் இருக்கு. யாரும் எதுவும் கேக்கல. அப்ப நமக்குத் தெரியாதுன்னே சொல்லிடலாம்.”

“கேட்டாங்களே, லாக்கி. இலோனா கேட்டாங்க.”

“நாம எப்பவும் முடிவைத்தான் எழுதுவோம், பேச்சை எழுத மாட்டோம். உனக்குத் தெரியாததா?”

“எழுதலன்னா கேக்கலன்னு ஆயிடுமா?”

லாக்லன் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்தார். “சரிப்பா, கேட்டாங்க. அப்ப நீ என்ன பண்ணின?”

மெர்வ் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

“நான் என்னை மட்டும் காப்பாத்திக்கிறேன்னு நினைக்கிறியா? அந்த ரூம்ல அந்தக் கேள்வியை மூடினது நான் இல்ல, மெர்வ். நான் அடுத்ததுன்னு சொன்னேன். எப்பவும் சொல்றதுதான்.”

அது நியாயமாகவும் இருந்தது. அதுதான் மெர்வைக் கொன்றது. பதினான்கு வருடத்தில் இப்படி எத்தனை கேள்விகளை மூடியிருப்போம் என்று அன்றைக்கு முழுக்க எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. நகைச்சுவைகள் மட்டும் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தன.

விசாரணைக்கு முந்தின நாள் இலோனாவின் வீட்டுக்குப் போனார். இலோனா கார் நிறுத்துமிடத்தில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. ஒரு பெட்டியைக் காலால் நகர்த்தி உட்கார இடம் காட்டினார்.

“நாளைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க,” என்றார் மெர்வ். “நீங்க கேட்டதைச் சொல்லப் போறேன். உங்க பேரு அதுல சுத்தமா வரணும். கேட்ட ஒரே ஆள் நீங்கதான்.”

“சுத்தமாவா?” இலோனா பெட்டியிலிருந்து பிய்த்த ஒட்டுநாடாவை உருட்டினார். “நான் கேட்டேன்னு சொன்னா அடுத்து அவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? ‘பதில் வந்துச்சா, வராதப்ப நீங்க என்ன பண்ணீங்க?’”

“நான்தான் உங்களைப் பேச விடலையே.”

“ஒரு மாட்டு ஜோக் சொன்னீங்க, மெர்வ். வாயைக் கட்டிப் போடல. நவம்பர்ல கேட்டிருக்கலாம், டிசம்பர்ல கேட்டிருக்கலாம். லெட்டர் எழுதியிருக்கலாம். அந்தக் கதவு எப்படி இறுகும்னு அந்த மேஜையில எனக்கு மட்டும்தான் தெரியும்.” நாடா உருண்டையைப் பெட்டிக்குள் போட்டார். “இருபது வருஷம் நான் போற இடமெல்லாம் தொந்தரவு புடிச்சவள்னுதான் பேரு. உங்க குழுவுலதான் முதல் தடவையா என்னைப் பார்த்து எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தாங்க. நல்லா இருந்துச்சு.”

மெர்வ் தரையைப் பார்த்தார். “அப்ப சொல்ல வேண்டாம்ங்கிறீங்களா?”

“சொல்ல வேண்டாம்னு சொல்லணும்னுதான் ஒரு வாரமா நினைச்சிக்கிட்டிருக்கேன்,” என்றார் இலோனா. “வாய் வரல.”

விசாரணை அதிகாரி இளம்பெண். மெர்வ் அக்டோபர் கூட்டத்தைச் சொல்லச் சொல்ல, தட்டச்சு செய்துகொண்டே வந்தார். கேள்வி, பக்க எண், பிரண்டனின் பதில், எல்லாம் ஏறின.

“அப்புறம்?”

“நான் ஒரு ஜோக் சொன்னேன்.”

“என்ன ஜோக்? அப்படியே சொல்லுங்க. பதிவுல வரணும்.”

மெர்வ் சொன்னார். மாடுகளைப் பற்றி, கூலிச் சீட்டைப் பற்றி. அதிகாரி, “அதுங்களாவே கறந்துக்கிட்டு, அப்புறம்?” என்று ஒரு தடவை நிறுத்திக் கேட்டு எழுதினார். வாழ்க்கையில் இதுவரை தன் நகைச்சுவையை யாருக்கும் இரண்டாம் முறை விளக்கியதில்லை என்று மெர்வ் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

“கேள்வி கேட்டவங்க அதுக்கப்புறம் என்ன பண்ணாங்க?”

“அவங்களுக்கு இடமே கொடுக்கல நாங்க.”

“நான் கேட்டது அது இல்ல, மிஸ்டர் டோலிவர். அவங்க மறுபடி கேட்டாங்களா? அந்தக் கூட்டத்துலயோ, அப்புறமோ?”

இல்லை என்று சொல்லாமல் இருக்க எத்தனையோ வழி இருந்தது. ஞாபகம் இல்லை என்றால் போதும். அறுபத்தாறு வயது மனிதர் அப்படிச் சொன்னால் யாரும் நம்புவார்கள். அந்தப் பெண் விசைப்பலகையில் விரல் வைத்துக் காத்திருந்தார். ஒரு கேள்விக்குப் பிறகு ஒருவர் இப்படிக் காத்திருந்து மெர்வ் பார்த்ததே இல்லை.

“இல்ல,” என்றார். “மறுபடி கேக்கல. சிரிச்சாங்க.”

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து இலோனாவைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்.

“சொல்லிட்டேன்.”

“நான் சிரிச்சதையுமா?”

“ஆமா.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“என்னைக் கூப்பிட்டாங்கன்னா,” என்றார் இலோனா, “நீங்க சிரிக்க வெச்சீங்கன்னு சொல்ல மாட்டேன். நானாத்தான் சிரிச்சேன்னு சொல்லுவேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“வேற எப்படிச் சொல்றது?”

மெர்வ் யோசித்தார். வேறு எப்படியும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. டேமியனுக்கு நேற்று மூன்றாவது முறையாகத் தோல் ஒட்டினார்கள் என்று சொல்ல வாயெடுத்து, அதை இலோனாவும் கேட்டிருப்பார் என்று விட்டுவிட்டார். அமைதியை நிரப்ப மெர்வ் எதையும் தேடவில்லை. இலோனா போனை வைக்கவும் இல்லை.