அணைக்கக் கூடாத சிந்தசைசர்

சிவசங்கரி குவைத்தில் முதல்முறை அடி வாங்கியபோது போட்ட கூச்சல், நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் அவள் வீட்டுத் தறிக்கூடத்தில் கேட்டது. நல்ல பகல் நேரம். தெருவில் பாதிப் பேர் கேட்டார்கள். அந்த வீட்டு விசைத்தறிகள் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் அவற்றுக்குச் சத்தம் கிடையாது என்பதால் கூச்சல் தெளிவாகவே விழுந்தது. அவள் புருஷன் தாமோதரன், தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி நின்றான். கடல் தாண்டி இருக்கிறவளுக்கு இங்கிருந்து என்ன செய்துவிட முடியும்? மகள் ஹரிதா மட்டும் ஓடிப்போய் சிந்தசைசரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சிந்தசைசர்தான். தாமோதரன் பகலில் தறி ஓட்டுவான். கல்யாணம், ஜாத்திரை என்றால் புத்தூர் வெங்கடரமணனின் ஆர்கெஸ்ட்ராவில் ஆர்மோனியம் வாசிப்பான். வெளிநாட்டுச் சரக்குக்கு டில்லியில் கதவைத் திறந்துவிட்ட சில வருஷங்களுக்குள், ஆர்மோனியத்தைப் பார்த்தாலே கல்யாண வீட்டார் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். வெங்கடரமணன் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "சிந்தசைசர் எடுத்துக்கினு வா, இல்லன்னா வூட்லயே குந்திக்கினு இரு" என்றார். தாமோதரன் மெட்ராஸுக்குப் போய் மவுண்ட் ரோடு கடைகளில் ஏறி இறங்கினான். பெரிய சிந்தசைசர்கள் கண்ணாடிக்குப் பின்னால் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தன, தரிசனம் மட்டும்தான். கைக்கு எட்டும் விலையில் இருந்தவை குழந்தைகளுக்கானவை. கட்டைகள் விரல் அகலம்கூட இல்லை. ஓங்கி அடித்தாலும் தடவிக் கொடுத்தாலும் ஒரே சத்தம். கையளவு கட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் கடைசிக் கட்டை ஊமையாகிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு ஜாத்திரைக்குப் போனால் ஜனம் சிரிக்கும்.

அந்த நேரத்தில்தான் குவைத்திலிருந்து திரும்பிய நாகபூஷணம், தன் முதலாளியின் மகன் வேண்டாமென்று கழித்துப் போட்ட ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகத் தகவல் வந்தது. முழு அளவுக் கட்டைகள். தொடுகிற பதத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறைந்தது. அதோடு ஒரு மைக்கும் இருந்தது. அதை நீட்டி எந்தச் சத்தத்தையும் சில விநாடிகள் உள்ளே பிடித்துக்கொண்டால், பிறகு அதையே கட்டைகளில் ஸ்வரமாக வாசிக்கலாம். தாமோதரன் மதியம் முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு வந்தான். பழைய சிந்தசைசர் வாங்குகிறவன் முதலில் அதை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும், பிடித்த சத்தம் பிளாப்பியில் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். தறிக்காரனுக்கு அது தோன்றாது. நன்றாக ஓடுகிற எந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்துவது அந்தத் தெருவில் அபசகுனம். ஓடும்போது காதால் கேட்டுத்தான் நல்லது கெட்டது சொல்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பிளாப்பி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் உள்ளே நிற்கும், அணைத்தால் அதுவும் போய்விடும்.

முதலில் திரௌபதி அம்மன் கோயில் மணியைப் பிடித்தான். அன்றிலிருந்து கோயில் மணி ஆடியது, அடிக்கவில்லை. பூசாரி பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிப் பூஜை செய்யப் பழகிக்கொண்டார். ஆர்கெஸ்ட்ரா வேன் பேட்டரியில் இணைத்து அணையாமல் கொண்டுபோய், திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் தாமோதரன் அந்த மணியை மேல்கட்டைகளில் பாட்டாக வாசித்தபோது, நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டிய ஆண்கள் நின்ற இடத்திலேயே சாமியாடினார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் தாளத்துக்கு ஆகுமென்று தன் வீட்டுத் தறிச் சத்தத்தைப் பிடித்தான். மணி அழிந்தது, கோயிலுக்கும் திரும்பவில்லை. தறிகள் அந்த நிமிஷமே ஊமையாகி, பஞ்சு மாதிரி ஓடின.

அங்கேதான் வீடு சரிய ஆரம்பித்தது. விசைத்தறியைக் கண்ணால் ஓட்ட முடியாது. இழை அறுந்ததும் நாடா இடித்ததும் காதுக்குத்தான் முதலில் தெரியும். சத்தமில்லாத தறியில் அறுந்த இழை அறுந்தபடியே ஓடியது. கூலிக்கு நெய்யப் பாவு நூல் கொடுக்கும் வேதாச்சலம் சேலையை வெளிச்சத்தில் பிடித்து, "இன்னாடா தாமு, மீன் புடிக்கவா நெய்ஞ்சே?" என்று கேட்டார். இரண்டொரு முறை பொறுத்துவிட்டுப் பாவு கொடுப்பதை நிறுத்தினார். அப்புறம் யார் யாரிடமோ கெஞ்சி வாங்கிய பாவுதான் ஓடியது. ஹரிதா அப்போது தூளிக் குழந்தை. அந்தத் தெருக் குழந்தைகள் தறி ஓடினால் தூங்கும், நின்றால் விழிக்கும். தாமோதரன் சிந்தசைசரின் ஒரு கட்டைமேல் பழைய நாடாவைப் பாரம் வைத்து, தறிச் சத்தத்தை ஓடவிட்டு அவளைத் தூங்கவைத்தான். ஒருநாள் கரண்ட் போனது, அந்தச் சத்தமும் போனது. அதற்குப் பிறகு குழந்தை அம்மா பாடினால்தான் தூங்கியது.

வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லாத நிலை வந்தபோது, சிவசங்கரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவானது. போகிறவள் குழந்தையை எப்படித் தூங்கவைப்பாள்? வழியை அவளேதான் சொன்னாள்.

"எங்கொரல இதுல புடிங்க. அங்க நான் யார்கிட்ட பேசப் போறேன்? அவங்க பாஷை எனக்குத் தெரியாது, எம் பாஷை அவங்களுக்குத் தெரியாது."

"உள்ள போனது திரும்ப வராது சங்கரி. மணி வந்துச்சா? தறி வந்துச்சா?"

"கரண்டு போவாம பாத்துக்கோங்க. அது ஒண்ணுதான் ஒங்க வேலை."

அவன் டிராக்டர் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து இணைத்தான். அவள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து தாலாட்டின் முதல் அடியைப் பாடினாள். பாடி முடித்து அவள் குழந்தையை அழைத்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது. குவைத்துக்கு ஆள் அனுப்பும் திருப்பதி ஏஜென்ட், அவள் ஊமை என்றதும் சந்தோஷப்பட்டான். எதிர்த்துப் பேசாத வேலைக்காரிக்கு அங்கே கிராக்கி அதிகமாம்.

அவள் கிளம்பிய மறுநாள், யாரும் தொடாமலே சிந்தசைசர், "இங்க தண்ணி எங்க கெடைக்கும்?" என்று கேட்டது. விமான நிலையத்தில் யாரிடமோ அவள் உதட்டை அசைத்திருக்கிறாள். அவள் எங்கே பேசினாலும் குரல் இங்கேதான் வந்தது. சில வாரம் கழித்து ஊர் எஸ்டிடி பூத்துக்கு ஒரு அழைப்பு வந்தது, மறுமுனையில் மூச்சுதான் இருந்தது. பூத்துக்காரர் தாமோதரனுக்கு ஆள் அனுப்பினார். தாமோதரனுக்குப் புரிந்துவிட்டது. "நீ பேசறது பூரா இங்க கேக்குது" என்று கத்தினான். அன்றிலிருந்து அவள் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் மகளோடு பேசினாள். என்ன சமைத்தாள், அங்கே வெயில் எப்படி, மணல் எப்படி என்று சொல்வாள். மகளின் பதில் அவளுக்குக் கேட்காது, ஆனாலும் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்ல இடம் விடுவாள். "துன்னியா குட்டி?" என்பாள், கொஞ்சம் பொறுப்பாள், பிறகு "ம், சமத்து" என்பாள். ஹரிதா அந்தக் குரலோடு பேசியே பேச்சு கற்றாள். குவைத்தில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்களெல்லாம் தாமோதரனுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்றார்கள்.

அப்புறம்தான் அந்தக் கூச்சல். மறுநாள் சிந்தசைசர் மெல்ல, "குட்டி கேட்டுச்சா?" என்றது. அடுத்த முறை பூத்துக்கு அழைப்பு வந்தபோது தாமோதரன் மறைக்கத் தெரியாமல், "கேட்டுச்சு. ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல" என்று சொல்லித் தொலைத்தான். மறுமுனையில் மூச்சு நின்று மறுபடி வந்தது. அதற்குப் பிறகு ஒரு கூச்சல்கூட வரவில்லை. ஏஜென்டைப் பார்க்கத் திருப்பதிக்குப் போனான். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, ஒப்பந்தம் முடியாமல் வர முடியாது என்றான் அவன். இப்போது கூச்சல் வரவில்லை என்று தாமோதரன் சொன்னதும், "பர்வாலேதுண்ணா, ஒண்ணும் பயமில்ல, நான்தான் சொன்னேனே, நல்ல மனுஷங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தான். தாமோதரன் நம்பினான். நம்பாமல் இருந்தால் அவனால் சோறு இறக்கியிருக்க முடியாது. குரல் வழக்கம்போலச் சமையல் பேசியது. சில நாள் பேச்சு பாதியில் நிற்கும், வெறும் மூச்சு ஏறி இறங்கும், வெகுநேரம் கழித்து, "எங்க உட்டேன்? ஆங், உப்பு" என்று தொடரும். நடுவில் என்ன ஆயிற்று என்று யாரும் யோசிக்கவில்லை.

ஹரிதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் சிவசங்கரி திரும்பி வந்தாள். கைகளில் இஸ்திரிப் பெட்டி வைத்த தழும்புகள் வரிசையாக இருந்தன. கீழுதட்டில் ஒரு துண்டு இல்லை. பல் பதிந்து பதிந்து, அந்த இடம் அறுந்து ஆறியிருந்தது. தாமோதரன் அந்த உதட்டைப் பார்த்தான். குழந்தை கேட்கக் கூடாதென்று அவள் எத்தனை அடியை வாய்க்குள் வைத்துக் கடித்திருக்கிறாள் என்பதும், அந்த மௌனத்தை நம்பித் தான் நிம்மதியாகத் தறி ஓட்டியதும் அவனுக்கு ஒன்றாகப் புரிந்தன. வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

சிவசங்கரி மகளைப் பார்த்து வாயைத் திறந்தாள். "குட்டி" என்ற குரல் உள்ளே தறிக்கூடத்திலிருந்து வந்தது. ஹரிதா வாசலில் நிற்கும் தழும்புக்காரியை ஒருமுறை பார்த்தாள். திரும்பி உள்ளே ஓடி சிந்தசைசரைக் கட்டிக்கொண்டு, "அம்மா, யாரோ வந்துக்கீறாங்கம்மா, எனக்குப் பயமா கீது" என்றாள்.

சிவசங்கரி அழவில்லை. பையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனாள். சிந்தசைசருக்குப் பின்னால் உட்கார்ந்து, முகத்தை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, தாலாட்டை முதல் அடியிலிருந்து பாடினாள். குழந்தை ஸ்பீக்கரையும் அந்த உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்போதிலிருந்து அவள் இடம் அதுதான். பேச வேண்டியவர்கள் தறிக்கூடத்துக்கு வருவார்கள். தெருவில் அவளிடம் விஷயம் கேட்கிறவர்கள், பதிலுக்கு அவள் வீட்டுப் பக்கம் காதைத் திருப்புவார்கள். வோல்டேஜ் குறைந்தால் அவள் குரல் சளி பிடித்ததுபோலத் தடிக்கும். அதற்கு யாரும் கஷாயம் வைப்பதில்லை, தாமோதரன் எழுந்துபோய் ஸ்டெபிலைசரைத் திருகுவான். ஹரிதா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் பேட்டரியைப் பார்ப்பாள், அப்புறம்தான் அம்மாவின் முகத்தை.