டாக்டரின் வாழ்க்கையில் இரண்டு வரி

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது அல்ல. ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்னது. பனியனுக்கு சைஸ் சொல்வதைப் போல, எட்டுப் பக்கம், நடுவில் போட்டோவுக்கு இடம் விட்டு, என்று அளவு சொன்னார் தோழர் லிங்கசாமி. எமர்ஜென்சி முடிந்து டாக்டர் குமாரவேல் சிறையிலிருந்து வெளியே வந்திருக்கிறார். திருப்பூரில் அவருக்கு வரவேற்பு. வரவேற்புக்கு ஒரு மலர். மலருக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு. எழுத நான்.

ஏன் நான்? பி.ஏ. படித்திருக்கிறேன். பிழையில்லாமல் தமிழ் எழுதுவேன். பொம்பளைப்பிள்ளை பெயர் ஒன்று மலரில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். மூன்றாவது காரணத்தை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

டாக்டர் பிடிபட்ட கட்டத்தை எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

"அதுக்கு ரெண்டு வரி போதுங்க. ஊத்துக்குளித் தோட்டத்துல வேலை செஞ்ச கூலிக்காரி ஒருத்தி போலீசுக்குக் காட்டிக் குடுத்துட்டா. பேரெல்லாம் வேண்டாங்க. டாக்டர் பேரு வர்ற பக்கத்துல அது எதுக்குங்க?"

பேர் குப்பாயி. என் அம்மா.

லிங்கசாமிக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதியது இது. அவருக்காக எழுதியதல்ல.

2

முதல் தொடக்கம்:

"பல்லடத்து நெசவாளர் குடும்பம் ஒன்றில், முருகனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளையாக..."

(வேண்டாம். எல்லா மலரிலும் எல்லோரும் இப்படித்தான் பிறக்கிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்:

"பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் மருத்துவக் கல்லூரியில் படிக்கவில்லை. திருப்பூரின் ஜின்னிங் ஃபாக்டரிகள்தான்..."

(நன்றாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. இப்படி எழுதினால் கைதட்டுவார்கள்.)

மூன்றாவது, சும்மா:

மெட்ராசில் டாக்டருக்குப் படித்தார். ஐம்பதுகளின் கடைசியில் திரும்பி வந்து, ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வைத்தார். இருமலோடு வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார். அதே இருமல் திரும்பத் திரும்ப வந்ததால் ஃபாக்டரி வாசலில் போய்க் கூட்டம் போட்டார். கட்சி பிரிந்தபோது இடது பக்கம் போனார். அந்த இடதும் பிரிந்தபோது அதற்கும் இடது பக்கம் போனார். அதற்கப்புறம் போக இடமில்லை. தலைமறைவானார்.

அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பெஞ்சு. தோட்டத்துக்காரரும் வளவிலிருந்து* வந்த கூலிக்காரரும் அதிலேதான் உட்கார வேண்டும். நிற்கிறேன் என்றால் வைத்தியம் கிடையாது. இது உண்மை. என் அம்மா அதில் உட்கார்ந்திருக்கிறாள்.

* எங்கள் சாதியின் பெயரை நான் எங்கும் எழுதப்போவதில்லை. "வளவு" என்று எழுதினால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும். புரியாதவர்களுக்குக் கொட்டாங்குச்சி வரும்போது புரிந்துவிடும்.

3

ரங்காத்தாள் என்கிற பாத்திரத்தோடு எனக்குச் சண்டை. கெட்டவளாக எழுத முடிந்தால் வேலை சுலபம். கெட்டவள் இல்லை.

ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் எருமைகள் வைத்து வெண்ணெய் விற்கிற தோட்டத்துக் குடும்பம். புருஷன் கிட்டுசாமி. அவர்கள் மகள் தலைப்பிரசவத்தில் செத்துப்போக இருந்தவள். குழந்தை திரும்பிக் கிடந்தது. டாக்டர் மாட்டுவண்டியில் வந்து இரண்டு உயிரையும் பிடித்து வைத்தார். போலீஸ் தேடியபோது அவர் போய் நின்றது அந்தத் தோட்டத்தில். பிடிபட்டால் தங்களுக்கும் ஜெயில் என்று தெரிந்தே சேர்த்துக்கொண்டார்கள். மலரில் இதற்கு ஒரு பக்கம் கொடுக்கலாம்.

டாக்டர் பண்ணையாள் ஆனார். தாடி, அழுக்கு வேட்டி, படுக்கை மாட்டுக் கட்டுத்தரையில். யாராவது கேட்டால் தாராபுரம் பக்கத்து வளவிலிருந்து வந்த ஆள் என்று பேச்சு. சாணி அள்ளவும் பால் கறக்க எருமையின் பின்னங்காலை அணைத்துக் கட்டவும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தத் தோட்டத்தில் வேலை செய்த என் அம்மா. யார் என்று அவளுக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார வைத்த மனுஷனை மறப்பாளா?

பண்ணையாளுக்குக் காப்பி கொட்டாங்குச்சியில்தான் ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி, கட்டுத்தரைக் கூரையின் எரவாணத்தில் செருகி வைக்க வேண்டும். அம்மாவுடையது அங்கே இருந்தது. முதல் நாள் டாக்டரே தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். ரங்காத்தாள் கொடுக்கவில்லை. பித்தளை டம்ளரில் கொண்டுவந்தாள்.

போன மாதம் நான் போய்க் கேட்டபோது சொன்னாள்: "என்னால முடியல கண்ணு. என் புள்ளையப் பொழைக்க வெச்ச கை. அந்தக் கையில கொட்டாங்குச்சியக் குடுப்பனா? நீயே சொல்லு."

என் அம்மாவின் கையும்தான் பிழைக்க வைத்திருக்கிறது. உங்கள் எருமைக் கன்றுகளை. (இதை அங்கே சொல்லவில்லை. அதனால் இங்கே.)

4

நான் அப்போது திருப்பூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை. ஆகவே இனி வருவதை மூன்று பேர் வாயிலிருந்து பிடுங்கித் தைத்திருக்கிறேன். தையல் தெரியும்.

"அன்று காலை வானம் கருத்து..."

(வானத்தை விடு.)

பால் கறந்து முடித்த நேரம். ஹெட் கான்ஸ்டபிளும் இன்னொருத்தரும் வந்தார்கள். தோட்டம் தோட்டமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அந்தத் தோட்டத்துக்கு வந்தது மோர் குடிக்க. நாய் குரைத்ததுமே டாக்டர் கட்டுத்தரைக்குப் பின்னால் இருந்த சோளத்தட்டுப் போருக்குள் நுழைந்துவிட்டார். அம்மா சாணி வழித்துக்கொண்டிருந்தாள். ரங்காத்தாள் மோர் கொடுத்தாள். குடித்தார்கள். கிளம்பினார்கள்.

கிளம்பியவர் நின்றார். இந்தப் பக்கத்து ஆள்தான் அந்த ஹெட். வெளியூர்க்காரராக இருந்தால் கண்ணில் பட்டிருக்காது. எரவாணத்தில் கொட்டாங்குச்சிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளர்.

"இது யாருது?"

கிட்டுசாமி வாய் திறக்கவில்லை. ரங்காத்தாள் திறக்கவில்லை. மனை வாசலில் இருக்க வேண்டிய டம்ளர் மாட்டுக் கட்டுத்தரையில் ஏன் இருக்கிறது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அம்மாதான் வழித்த கையோடு நிமிர்ந்தாள்.

"என்னதுங்க சாமி. நாந்தானுங்க அதுல குடிச்சேன்."

பொய். அவள் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய். அந்தத் தோட்டத்தில் அந்த வார்த்தைக்கு என்ன நடக்க வேண்டும் என்று ஹெட்டுக்குத் தெரியும். தோட்டத்துக்காரர், பண்ணாடி, பாய்ந்து வந்திருக்க வேண்டும். சாட்டையோ செருப்போ கைக்கு வந்ததை எடுத்திருக்க வேண்டும். ஹெட் அதற்காகக் காத்திருந்தார். கிட்டுசாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பயத்தில் வாயடைத்து நின்றாரா? இவள் நம்மைக் காப்பாற்றுகிறாள், இவளைப் போய் அடிப்பதா என்று நின்றாரா? தெரியவில்லை. இரண்டாவதுதான் என்றால் நல்ல மனசு, வரக்கூடாத நேரத்தில் வந்திருக்கிறது. அன்று அவர் என் அம்மாவை அடித்திருந்தால் டாக்டர் தப்பியிருப்பார்.

(இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போனேன். இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை.)

"ஏனுங்க," என்றார் ஹெட், ரொம்ப மரியாதையாக. "உங்களுக்குக் கோவமே வரலீங்களா?"

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினார். கண் மட்டும் போரின் மேல் இருந்தது.

5

அதற்கப்புறம் என்ன நடந்தது?

டாக்டரிடமே கேட்டேன். பல்லடத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். ஜெயிலில் பல் கொட்டி, ஆள் பாதியாகிவிட்டார். குப்பாயியின் மகள் நான் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். அம்மாவின் உடம்பை விசாரித்தார். திருப்பூரில் சலவைப் பட்டறைக்குப் போகிறாள், பிளீச்சிங் பவுடரில் கை வெந்து கிடக்கிறது என்றேன். மருந்தின் பெயர் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை.

"நான் எந்திரிக்கல கண்ணு," என்றார். "அடி விழுந்த சத்தம் கேட்டுது. உள்ளயேதான் கெடந்தேன். தட்டப் பிரிச்சு, காலப் புடிச்சுத்தான் இழுத்தாங்க."

தோழர்களிடம் இதை ஏன் சொல்லவில்லை? கூலிக்காரிதான் காட்டிக் கொடுத்தாள் என்று ஊர் முழுக்கப் பேசுகிறார்களே. போலீஸ் வந்தபோது வாய் திறந்தது அவள் ஒருத்தி என்பதுதானே ஆதாரம்?

இதையும் கேட்டேன். சொன்னார்: "அதச் சொன்னா டம்ளரச் சொல்லணும். தெனமும் உங்கம்மாவும் நானும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் குடிச்சோம். அவ கொட்டாங்குச்சியில, நான் டம்ளர்ல. நாயம் பேசிக்கிட்டே குடிச்சோம்."

பெஞ்சு போட்ட மனுஷன். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எந்த வாக்கியத்திலும் வைக்க முடியவில்லை. அழுதிருந்தாலாவது திட்டியிருக்கலாம். அழவில்லை. நீ எழுது, நான் மறுக்க மாட்டேன் என்றார். மறுக்காமல் இருப்பதும் எழுந்து நின்று சொல்வதும் ஒன்றா? அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

6

அம்மாவிடம் போனேன். அவள் சொல்வது வேறு.

"ஆரு சொன்னா? அவராத்தான் எந்திரிச்சு வந்தாரு. அடி விழுகறதுக்கு முந்தியே வந்துட்டாரு. வந்து அந்தாளு கையப் புடிச்சாரு பாரு. பொம்பளைய அடிக்காதீங்கன்னாரு."

அவரே எழவில்லை என்று சொல்கிறாரம்மா என்றேன்.

"பெரிய மனுசங்க தன்னப் பத்திப் பெருமையாச் சொல்லிக்குவாங்களா? நீ எழுதறதுன்னா நான் சொல்றாப்டி எழுது."

அவளை நான் நம்பவில்லை. நம்பவும் ஆசை. அன்று கட்டுத்தரையில் சொன்ன அந்த ஒரு பொய்க்காக அவள் இரண்டு பக்கமும் தண்டனை வாங்கினாள். டம்ளரில் குடித்தேன் என்று சொன்னாயே, பொய்யானாலும் சொல்லலாமா என்று தோட்டத்துச் சொந்தக்காரர்கள் கூடி வேலையை நிறுத்தினார்கள். காட்டிக் கொடுத்தவள் என்று தோழர்கள் முகம் திருப்பினார்கள். அவர் எழுந்து வரவில்லை என்றால் இவ்வளவும் எதற்கு? அப்படி அவள் நினைக்கிறாள் என்று நான் நினைக்கிறேன்.

ரங்காத்தாளிடமும் கேட்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டாளாம்.

7

ஆக, என் கையில் இரண்டு முடிவு.

(அ) டாக்டர் தானாக எழுந்து வந்தார். யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அம்மாவின் பெயரில் படிந்த பழி போய்விடும். டாக்டர் இன்னும் உயரமாகிவிடுவார். லிங்கசாமி இரண்டு வரி என்ன, இரண்டு பக்கமே தருவார். எல்லோருக்கும் சந்தோஷம். சம்பந்தப்பட்டவர் மட்டும் அது நடக்கவில்லை என்கிறார்.

(ஆ) டாக்டர் எழவில்லை. டம்ளர், கொட்டாங்குச்சி, கோபப்படாத பண்ணாடி, எல்லாம் வெளியே வரும். மலரில் வராது. வந்தால் வரவேற்பு நடக்காது. அம்மா என்னோடு பேசமாட்டாள்.

மூன்றாவதாக ஒன்றை எழுதிப் பார்த்தேன். "அந்தக் கணத்தில் கிட்டுசாமிக்குக் கோபம் வந்தது, அவர் சாட்டையை எடுத்து என் அம்மாவை..."

முடிக்கவில்லை. டாக்டர் தப்பிக்கத்தான் எழுதினேன். கை வரவில்லை.

ஆகவே அந்தக் காலையை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். எருமைகள் அசை போடுகின்றன. கிட்டுசாமி குனிந்து நிற்கிறார். ஹெட்டின் கை மேலே இருக்கிறது. அதை இறக்க நான் சம்மதிக்கவில்லை, ஏனென்றால் எந்த முடிவாக இருந்தாலும் இறங்கப்போவது அவள் கன்னத்துக்குப் பக்கத்தில்தான்.

சோளத்தட்டுக்குள் இப்போது டாக்டர் இல்லை. இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்த நீங்கள்தான் இருக்கிறீர்கள். தட்டு முகத்தில் குத்துகிறது, தூசி தொண்டையில் நிற்கிறது, இருமல் வருகிறது. வெளியே நடப்பது இடுக்கு வழியாக நன்றாகத் தெரிகிறது. என் அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாள்.