இருபத்து மூன்றாம் பத்தி

என் தங்கைக்கு அலுவலகத்தில் 'வியாழன்' என்று பெயர். பத்திரிகைகளைப் பற்றி எந்த நீதிமன்றம் என்ன சொன்னது, எந்தச் சட்டம் மாறியது என்று ஒரே பக்கத்தில் சுருக்கி, வியாழக்கிழமைதோறும் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுவாள். அவள் ஒரு நாளிதழின் நீதிமன்ற நிருபர். நான் அதே நாளிதழின் வக்கீல். இருபத்தாறு வருட அனுபவம் உள்ளவனுக்கு ஒரு நிருபர் சட்டம் சொல்வதா? அதுவும் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள்? அவள் அனுப்பியதில் ஒன்றைக்கூட நான் திறந்ததில்லை.

"நேத்து அனுப்பினதப் படிச்சியாண்ணா?" என்பாள்.

"தலைக்கு மேல வேலை கிடக்கு. நீ செய்தி எழுது, சட்டத்த நான் பாத்துக்கறேன்."

சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். "கோர்ட்டு கதவைச் சாத்தச் சொல்லிக் கேக்கறாங்க. உடனே வாண்ணா."

ஒரு மருத்துவமனையில் மருந்து அளவு மீறி ஏழு வயதுச் சிறுமி இறந்த வழக்கு அது. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், குழந்தையின் பெயர்கூடப் பத்திரிகையில் வரக் கூடாது என்று மருத்துவமனை மனு போட்டிருந்தது. குடும்பத்தின் துயரத்தை மதிக்கிறார்களாம்! உத்தரவு கிடைத்துவிட்டால் உள்ளே நடப்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் வரிசையில் குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். வழக்கை நடத்துவது அரசு என்பதால் அவளுக்கென்று தனியாக வக்கீல் இல்லை.

மருத்துவமனையின் வக்கீல் ஒரு பழைய தீர்ப்பை நீட்டினார். குடும்பத்தின் துயரம் என்று சொன்னாலே போதும், கதவைச் சாத்தலாம் என்று சொல்லும் தீர்ப்பு. எனக்கும் அது மனப்பாடம். அதற்குப் பதில் கிடையாது என்பதும் தெரியும். அரைத்த மாவையே பத்து நிமிடம் அரைத்தேன்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் நீதிபதி. கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினேன்.

நிருபர்கள் அங்கே வாயைத் திறக்க முடியாது. அவர்கள் வரிசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறி வந்தது. தங்கையின் கையெழுத்து. 'அந்தத் தீர்ப்பு போன மாதமே ரத்து. ஐந்து நீதிபதிகள். பத்தி 23. உனக்கு அனுப்பியிருக்கிறேன்.'

கைப்பேசியைத் திறந்தேன். திறக்காத மின்னஞ்சல்களுக்கு நடுவே அது இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"ஐயா, எதிர்த் தரப்பு நண்பர் காட்டற தீர்ப்பு இப்ப செல்லாது. ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து பண்ணிட்டாங்க."

எதிர் வக்கீல் அவசரமாகத் தன் கைப்பேசியை எடுத்தார்.

"நீங்க அதைப் படிச்சிருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார் நீதிபதி.

படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. "இல்லீங்கய்யா. எனக்கே இப்பதான் தெரியும். எங்க நிருபர் எழுதிக் குடுத்தாங்க."

அவர் நிமிர்ந்து அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு தன் கணினியில் தேட ஆரம்பித்தார். நீதிபதி, எதிர் வக்கீல், நான், மூன்று பேரும் ஆளுக்கொரு திரையில் படித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குச் சேர்த்து எண்பது வருட அனுபவம் இருக்கும். எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கோ ஐந்து பேர் உட்கார்ந்து யோசித்து எழுதிய நாலு வரி இந்த அறைக்கு வந்து சேர வேண்டும் என்று, யாரும் கேட்காமலே ஒருத்தி வாரா வாரம் படித்திருக்கிறாள். நான் தூக்கி வளர்த்த பெண்ணைப் பார்த்துப் பிரமித்துப் போய் நின்றேன். வெட்கமாகவும் இருந்தது.

அந்த நாலு வரி சொன்னது இவ்வளவுதான்: குடும்பத்தின் பெயரைச் சொல்லி எதையாவது மறைக்கக் கேட்டால், முதலில் அந்தக் குடும்பத்தையே நேரில் கேட்க வேண்டும்.

யாருமே கேட்கவில்லை. மருத்துவமனை கேட்கவில்லை, அரசு வக்கீல் கேட்கவில்லை. நானும் அந்த அம்மாவைத் தாண்டித்தான் முன்னே வந்து நின்றிருந்தேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, கொஞ்சம் எழுந்திரிங்க."

அவள் எழுந்து, யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களைத்தாம்மா. உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லி, குழந்தை பேரு வெளிய வரக் கூடாதுன்னு கேக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"என்னையா கேக்கறீங்க?"

"உங்களைத்தான்."

அவள் முன்வரிசையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில இருந்த மூணு நாளும் எம்பொண்ண 'பதினேழாம் நம்பர்'னுதான் கூப்பிட்டாங்கய்யா. செத்தப்புறம் கையில குடுத்த காகிதத்துலயும் நம்பர்தான். ஒரு எடத்துலயாவது அவ பேரு வரட்டும்."

நீதிபதி மனுவை ஓரமாக வைத்தார். "பேரைச் சொல்லுங்கம்மா," என்றார்.

அவள் சொன்னாள். வெளியே வராந்தாவில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.