மெதுவாகப் பேசியவளைப் பற்றிய அறிக்கை

1

இந்தக் கதை ஓர் அலுவலகப் படிவத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மென்பொருள் பொறியாளன், பெரிய கம்பெனி. வேலைக்கு வருபவர்களை இன்டர்வியூ எடுப்பதும் என் தலையில் விழுந்திருக்கிறது. நேற்று ஒரு பெண்ணை வீடியோவில் இன்டர்வியூ எடுத்தேன். முடிவு செய்யும் குழு அவளைப் பார்க்கவே பார்க்காது. நான் எழுதுவதை மட்டும்தான் படிக்கும். இன்று மாலைக்குள் எழுதியாக வேண்டும்.

2

முதல் வரைவு: விண்ணப்பதாரர் கணக்கைச் சரியாகத் தீர்த்தார். ஆனால்

(அந்த 'ஆனால்' அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடும். நிறுத்திவிட்டேன்.)

எங்கள் வழக்கப்படி, புரோகிராம் எழுதும்போது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண். அவளோ முணுமுணுத்தாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, கேக்கல."

"சாரி சார்." அதையும் முணுமுணுத்தாள்.

பிறகு பேச்சே இல்லை, விரல்கள் மட்டும் ஓடின. விடை கச்சிதம். கடைசியில் மைக்குக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்: "இந்த வேலை எனக்கு ரொம்ப முக்கியம் சார். வேலை போனதுலருந்து தேடிட்டே இருக்கேன்."

3

இரண்டாம் வரைவு: அவளுக்குப் பின்னால் கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஜுரம் விட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. எழுந்து அழுதால் இன்டர்வியூ போச்சு. அதனால்தான் அவள் குரலை அடக்கிக்கொண்டாள். ஒரு கை பின்னால் நீண்டு போர்வையை

(போதும். எனக்கே ஓவராகத் தெரிகிறது.)

மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"ஐயோ பாவம், வேலைக்கு எடுத்துருங்க" என்றாள். உடனே சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு. "ஆமா, குழந்தைய நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. பின்னால வெறும் சுவர்தான் தெரிஞ்சுது."

"அப்ப எதுக்குங்க புள்ளையக் கொண்டாந்து படுக்க வெச்சீங்க? அதுவும் ஜுரத்தோட!"

4

எதற்கென்றால், பயத்தில். போன மாதம்தான் மேனேஜர் சொன்னார்: "நீ எல்லாருக்கும் வாரி வழங்குற. இனிமே காரணம் இல்லாம எடுக்கலாம்னு போடாத." ஆட்குறைப்பு நடக்கிற நேரம்.* எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

வேறு காரணங்களும் இருக்கலாம். அடுத்த அறையில் கணவனுக்கு நைட் ஷிஃப்ட் முடிந்த தூக்கம். அல்லது அவள் குரலே அவ்வளவுதான். அல்லது யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்லிக்கொடுத்தார்கள், அது காதில் விழத்தான் அவள் பேசாமலிருந்தாள். இப்படியும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவள் முகம் ஒத்துழைக்கவில்லை, அழித்துவிட்டேன்.

(* பக்கத்து நாற்காலி போன வாரம் காலியானது. அதில் இருந்தவன் நன்றாகச் சத்தமாகவே பேசுவான்.)

5

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: எடுக்கலாம், வேண்டாம். குழந்தையைக் கதையை விட்டு அனுப்பிவிட்டேன். கட்டிலும் போயிற்று. மிச்சம் ஒரு சுவர், ஒரு முணுமுணுப்பு, ஒரு சரியான விடை.

நீங்களும் அவளைப் பார்த்ததில்லை. நான் எழுதியதைத்தான் படித்தீர்கள். ஆகவே குழு நீங்கள்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோது மனதுக்குள் 'எடுக்கலாம்' என்றீர்கள், இல்லையா?

இப்போதும் அதையே சொல்வீர்களா? மாலையாகிவிட்டது, அவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.